வாடகைக்கு வாடகை என்று பேர் வையுங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையோடு போனில் கொஞ்சம் சூடாகவே பேசிவிட்டேன். பெண் நடுவில் புகுந்து, "அப்பா, பி.பி. மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்டுப் பேச்சை முடித்து வைத்தாள். சண்டை வரதட்சிணைக்கோ சீருக்கோ இல்லை. வீடியோ கேமுக்கு. எழுபத்தைந்து வயதில் எனக்கு இது தேவையா என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் யோசித்துப் பார்த்தால் இதுவும் ஒரு சொத்துத் தகராறுதான். சொத்துத் தகராறு எனக்குத் தெரிந்த விஷயம்.

நான் முப்பத்தெட்டு வருஷம் புதுச்சேரி அரசில் எழுத்தர் வேலை பார்த்தவன். அதில் பெரும்பகுதி பத்திரப் பதிவில் போனது. பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால், நொத்தேர் எழுதிய பழைய பிரெஞ்சுக்காலப் பத்திரம் எது வந்தாலும் என் மேஜைக்குத் தள்ளிவிடுவார்கள். கிரையம், ஒத்தி, குத்தகை, வாடகை என்று ஒவ்வொன்றும் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்பது எனக்குத் தூக்கத்திலும் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சென்ற கோடையில் மூன்று மாதம் பாரீஸ் புறநகரில் இருக்கும் பெண் வீட்டில் இருந்தேன். பேரனுக்குப் பதின்மூன்று வயது. அவனுக்குத் தமிழ் கொஞ்சம் வரும், பேச்சு என்னவோ பிரெஞ்சில்தான். என் பிரெஞ்சைக் கேட்டால் அவனுக்குச் சிரிப்பு. "தாத்தா, நீங்கள் நெப்போலியன் காலத்து ஆள் மாதிரி பேசுகிறீர்கள்" என்பான். சாயங்காலம் ஆனால் ஒரு பழைய லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்காருவான். ஊர் கட்டும் விளையாட்டு ஒன்று. தெரு போடலாம், வீடு கட்டலாம், கிணறு வெட்டலாம், மரம் வைக்கலாம்.

ஒரு நாள், "உங்கள் பழைய வீடு எப்படி இருக்கும்?" என்று கேட்டான். முத்தியால்பேட்டையில் என் தகப்பனார் கட்டிய வீடு. அண்ணன் தம்பிகளுக்குள் பாகப்பிரிவினை ஆகி, விற்று, இப்போது அந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது. ஒரே ஒரு போட்டோ இருக்கிறது. அதைப் பார்த்தும் நான் சொல்லச் சொல்லக் கேட்டும் அவன் கட்டினான். தெருத் திண்ணை, உள்ளே முற்றம், பின்கட்டில் கிணறு, அதை ஒட்டி முருங்கை மரம். திண்ணைத் தூண் இரண்டா நான்கா என்று எனக்கே ஞாபகம் வராமல் அண்ணனுக்குப் போன் போட்டுக் கேட்டேன். நான்கு. அந்த வீட்டோடு நிற்காமல் தெரு முழுவதையும் ஒன்றரை மாதத்தில் கட்டி முடித்தான்.

நான் ஊர் திரும்பிய இரண்டாவது மாதம் போன் செய்தான். குரல் ஒரு மாதிரி இருந்தது. அந்த விளையாட்டைச் சந்தாப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்களாம். சந்தா ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, பணமும் பிடிக்கிறார்கள், மற்ற விளையாட்டெல்லாம் இருக்கிறது. இது மட்டும் இல்லை. அவன் கட்டிய தெரு கம்பெனிக் கம்ப்யூட்டரில் எங்கோ பத்திரமாக இருக்கிறது. திறந்து பார்க்கத்தான் வழியில்லை.

எந்தக் கம்பெனி என்று எழுதப்போவதில்லை. இந்தத் தொழிலில் மாதாமாதம் சில விளையாட்டு உள்ளே வருவதும் சில வெளியே போவதும் வழக்கம்தான். நான் பேச வந்ததும் அந்த வழக்கத்தைப் பற்றித்தான்.

விவரம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. முன்பெல்லாம் விளையாட்டை டிஸ்க்காகக் கடையில் வாங்குவார்கள். இப்போது மாதச் சந்தா கட்டினால் நூற்றுக்கணக்கான விளையாட்டு திறந்துவிடப்படும். இதிலேயே ஸ்ட்ரீமிங் என்று ஒரு வகை. அதில் விளையாட்டு உங்கள் வீட்டுக்கு வருவதே இல்லை. கம்பெனியின் கம்ப்யூட்டரில் ஓடுகிறது. உங்களுக்குப் படம் மட்டும் வருகிறது, நீங்கள் அழுத்தும் பொத்தான் இங்கிருந்து அங்கே போகிறது. சினிமா என்றால் அடுத்த ஒரு நிமிஷத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளலாம். விளையாட்டில் முடியாது, அடுத்து என்ன நடக்கும் என்பது உங்கள் விரலில் இருக்கிறது. அதனால் இணைப்பு கொஞ்சம் திணறினாலும் குதிக்க வேண்டியவன் குழியில் விழுவான்.

இதில் நல்லது இல்லையா? இருக்கிறது. மாப்பிள்ளை சொன்னது எதையும் நான் மறுக்கவில்லை.

"மாமா, ஒரு நல்ல கேம் பெட்டி ஐந்நூறு யூரோ. புது விளையாட்டு ஒன்று எழுபது யூரோ. இவனுக்கு இரண்டு வாரத்தில் அலுத்துவிடும். சந்தாவில் பழைய லேப்டாப்பே போதும். பிடிக்காவிட்டால் மூடிவிட்டு அடுத்தது" என்றார். நியாயமான பேச்சு. கையில் ஐந்நூறு யூரோ இல்லாத வீட்டுப் பிள்ளையும் பணக்கார வீட்டுப் பிள்ளை ஆடுவதையே ஆடுகிறான் என்றால் அது சின்ன விஷயமில்லை.

வாடகையைக் கேவலமாக நினைக்கிற ஆள் நான் இல்லை. நான் சைக்கிள் ஓட்டக் கற்றது மணி வாடகைச் சைக்கிளில். கதைப் புத்தகம் படித்தது வாடகை நூல் நிலையத்தில். எண்பதுகளில் தீபாவளிக்குத் தெருவே சேர்ந்து காசு போட்டு டெக்கும் கலர் டி.வி.யும் வாடகைக்கு எடுத்து, விடிய விடிய மூன்று படம் பார்த்தோம். காலையில் கடைப் பையன் வந்து டெக்கைத் தூக்கிக்கொண்டு போவான். யாரும் அழவில்லை. ஏன்? அது வாடகை என்று தெருவில் இருந்த ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். கடைக்காரன் ஒரு நாளும் 'டெக்கை வாங்கிக்கொள்ளுங்கள்' என்று போர்டு மாட்டியதில்லை.

என் முதல் குற்றச்சாட்டு அங்கேதான் இருக்கிறது.

பேரன் போன் செய்த அன்று, இந்த மாதிரி விளையாட்டு விற்கும் பக்கங்களின் நிபந்தனைகளை அவனை எடுத்து அனுப்பச் சொன்னேன். பத்திரம் படிப்பது போல ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து படித்தேன். பொத்தானில் கொட்டை எழுத்தில் 'அஷ்தே', அதாவது 'வாங்கு' என்று இருக்கிறது. நிபந்தனைக்குள் போனால் அந்த வார்த்தையையே காணோம். 'லிசான்ஸ்' என்கிறார்கள். அனுமதி. எந்தச் சமயத்திலும் திரும்பப் பெறக்கூடிய, இன்னொருவருக்கு மாற்ற முடியாத அனுமதி.

பிரெஞ்சுச் சட்டத்தில் சொத்துரிமைக்கு மூன்று கால் உண்டு என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் அலுவலகத்துப் பெரியவர் ஒருவர். பயன்படுத்தும் உரிமை, பலனை அனுபவிக்கும் உரிமை, விற்கவோ கொடுக்கவோ அழிக்கவோ உள்ள உரிமை. மூன்றும் இருந்தால்தான் உடைமை. நம் தமிழ்க் கிரையப் பத்திரம் இதையே 'புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ளவும்' என்று ஒரே வரியில் முடித்துவிடும். 'வாங்கு' பொத்தானை அழுத்தினால் கிடைப்பது முதல் காலின் பாதி. மகனுக்கும் கொடுக்க முடியாது, பேரனுக்கும் கொடுக்க முடியாது. ஸ்டீம் என்ற பெரிய விற்பனைத் தளத்தில் உள்ள கணக்கை உயில் எழுதிக்கூட ஒருவருக்குக் கொடுக்க முடியாது என்று அதன் உதவிப் பிரிவு 2024-ல் ஒருவருக்குப் பதில் சொல்லி, அது செய்தியானது.

பிரான்சில் இதை எதிர்த்து வழக்கும் நடந்தது. யூ.எஃப்.சே. கே ஷுவாசீர் என்ற நுகர்வோர் சங்கம், வாங்கிய விளையாட்டை மறுபடி விற்க உரிமை வேண்டும் என்று ஸ்டீமை நடத்தும் வால்வ் கம்பெனிமேல் வழக்குப் போட்டது. 2019 செப்டம்பரில் பாரீஸ் நீதிமன்றம் சங்கத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2022 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது. தீர்ப்பை மதிக்கிறேன். ஆனால் விற்க உரிமை இல்லாத பொருளுக்கு 'வாங்கு' என்று எழுதலாமா என்ற என் கேள்வி அப்படியேதான் நிற்கிறது.

அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலம் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் பதில் சொல்லியிருக்கிறது. 2024-ல் சட்டம் போட்டு, 2025 ஜனவரி முதல், திரும்பப் பெறக்கூடிய அனுமதியை 'வாங்கு' என்று சொல்லி விற்பதானால், இது வெறும் அனுமதிதான் என்று வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். கம்பெனிகள் இருக்கும் ஊரிலேயே இந்தச் சட்டம் வந்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

இரண்டாவது குற்றச்சாட்டு வாடகை ஏற்றம். எக்ஸ்பாக்ஸ் கேம் பாஸ் அல்டிமேட் என்ற சந்தாவில் 2020 செப்டம்பரில் ஸ்ட்ரீமிங்கைச் சேர்த்தபோது அமெரிக்காவில் மாதம் 14.99 டாலர். 2023-ல் 16.99. 2024-ல் 19.99. 2025 அக்டோபரில் 29.99. ஐந்தே வருஷத்தில் சரியாக இரண்டு மடங்கு. புதுப்புது விளையாட்டைச் சேர்த்துத் தருகிறோம் என்று காரணம் சொன்னார்கள். இருக்கட்டும். எழுத்தர் கணக்கு ஒன்று போட்டுப் பார்த்தேன். 2025 அக்டோபர் விலையில் வருஷத்துக்கு 360 டாலர். எழுபது டாலர் விலையில் ஐந்து புது விளையாட்டை வாங்கி, பத்து டாலருக்கு ஐஸ்கிரீமும் சாப்பிடலாம். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை ஒரு வருஷத்தில் ஐந்துக்கு மேல் முழுசாக ஆடி முடிப்பானா என்பது அந்தந்த வீட்டுப் பெற்றோருக்குத் தெரியும். சந்தா மலிவு என்பது 2020-ல் உண்மை. இன்றைக்குக் கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டும்.

வீட்டு வாடகைக்காவது சட்டம் இருக்கிறது. புதுச்சேரியில் 1969-லேயே வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்துவிட்டது. குடியிருப்பவரை நினைத்த நேரத்தில் கிளப்ப முடியாது, காரணம் காட்ட வேண்டும். பேரன் கட்டிய தெருவுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

"மாமா, பதினைந்து நாள் முன்பே அறிவிப்புப் போட்டார்கள். தள்ளுபடியில் வாங்கிக்கொள்ளவும் சொன்னார்கள்" என்றார் மாப்பிள்ளை. உண்மைதான், கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஆனால் அறிவிப்பு இருந்தது வேறு ஏதோ ஒரு பக்கத்தின் பட்டியலில். தினமும் அந்த விளையாட்டைத் திறந்த பிள்ளையின் கண்ணுக்கு முன்னால் இல்லை. தள்ளுபடியில் வாங்கினால்? அது அந்தப் பழைய லேப்டாப்பில் ஓடாது. ஓடாது என்பதால்தானே ஸ்ட்ரீமிங்குக்கே போனார்கள்! ஏழைக்கு உதவும் என்று சொன்ன அதே வசதி, வெளியேற்றும்போது ஏழையைத்தான் முதலில் வெளியேற்றுகிறது. ஐந்நூறு யூரோ பெட்டி வைத்திருப்பவன் தள்ளுபடியில் வாங்கித் தன் ஊரைக் காப்பாற்றிக்கொள்வான்.

மூன்றாவது குற்றச்சாட்டுதான் பெரியது. கடையே மூடிவிட்டால்?

கூகுள் 2019 நவம்பரில் ஸ்டேடியா என்று ஒரு ஸ்ட்ரீமிங் சேவை ஆரம்பித்தது. பிரான்ஸ் உட்பட 14 நாடுகளில் வந்தது, இந்தியாவுக்கு வரவே இல்லை. 4கே தரத்தில் ஆட நொடிக்கு 35 மெகாபிட் வேகம் வேண்டும் என்றார்கள். கணக்குப் போட்டால் மணிக்குக் கிட்டத்தட்ட 16 ஜி.பி. நம் ஊரில் தினம் 2 ஜி.பி. பிளான் போட்டிருப்பவர் எட்டு நாள் டேட்டாவை ஒரு மணி நேரத்தில் தீர்த்துவிடுவார். அது கிடக்கட்டும். 2022 செப்டம்பரில் மூடப்போவதாக அறிவித்து, 2023 ஜனவரி 18-ல் மூடிவிட்டார்கள். ஆரம்பித்து மூன்றே கால் வருஷம்கூட முழுதாக ஆகவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். கூகுள் அங்கே நேர்மையாக நடந்துகொண்டது. ஸ்டேடியா கடையில் வாங்கிய விளையாட்டுக்கும், தன் கடையில் விற்ற கருவிக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. மாதச் சந்தாப் பணம் மட்டும் திரும்பவில்லை. ஆனால் பணம் திரும்பி வந்ததே தவிர விளையாட்டு வரவில்லை. அவுட்காஸ்டர்ஸ் என்ற விளையாட்டு ஸ்டேடியாவுக்கென்றே செய்தது. ஸ்டேடியா போனதும் அதுவும் போனது. கில்ட் என்ற இன்னொன்றை அதைச் செய்தவர்கள் 2023-ல் வேறு பெட்டிகளுக்கு மாற்றி எடுத்துப் பிழைக்க வைத்தார்கள். புத்தகக் கடை மூடினால் அதுவரை விற்ற புத்தகம் வீடுகளில் இருக்கும். ஸ்ட்ரீமிங் கடை மூடினால் உலகத்தில் ஒரு பிரதிகூட இருக்காது.

பிரான்சில் அச்சாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதியை அரசுக்குக் கொடுக்க வேண்டும் என்று முதலாம் பிரான்சுவா மன்னர் 1537-லேயே ஆணை போட்டார். 1992-ல் ஒரு சட்டம் வந்து, வீடியோ கேமையும் அந்த வரிசையில் சேர்த்தது. இன்று பாரீஸ் தேசிய நூலகத்தில் விளையாட்டுகளைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். விளையாட்டும் ஒரு நாட்டின் சேமிப்பு என்று அவர்கள் நினைக்கிறார்கள். டிஸ்க் இருந்தால் அலமாரியில் வைக்கலாம். கம்பெனியின் கம்ப்யூட்டரை விட்டு வெளியே வராத பொருளை, கம்பெனியாக எடுத்துக் கொடுக்காவிட்டால், எந்த அலமாரியில் வைப்பது?

டிஸ்க் வாங்கினவர்களுக்கும் இப்போது நிம்மதி இல்லை. யூபிசாஃப்ட் என்ற பிரெஞ்சுக் கம்பெனி 2014-ல் தி க்ரூ என்ற கார் பந்தய விளையாட்டை விற்றது. தனியாக ஆடினாலும் கம்பெனி சர்வரோடு இணைந்தால்தான் ஓடும். 2024 மார்ச் 31-ல் சர்வரை நிறுத்தினார்கள். கையில் டிஸ்க் வைத்திருந்தவருக்கும் கார் கிளம்பவில்லை. அந்தக் கோபத்தில் ராஸ் ஸ்காட் என்பவர் தொடங்கிய இயக்கத்தின் மனுவில், ஐரோப்பாவில் 2025 ஜூலைக்குள் பத்து லட்சம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள்.

அதே யூபிசாஃப்டின் சந்தாப் பிரிவுத் தலைவர் ஃபிலிப் த்ராம்ப்ளே, 2024 ஜனவரியில் ஒரு பேட்டியில், மக்கள் சினிமா டிஸ்க்கும் பாட்டு சி.டி.யும் சொந்தமாக வைத்திருந்த பழக்கத்தை விட்டதுபோல, விளையாட்டிலும் சொந்தமில்லாமல் இருக்கப் பழகிக்கொள்ள வேண்டும் என்ற பொருளில் பேசினார். சந்தாவை நிறுத்தி மறுபடி சேர்ந்தாலும் கட்டியது போகாது என்றும் சொன்னார். மாப்பிள்ளையின் வாதமும் இதேதான். "சொந்தம் சொந்தம் என்பது உங்கள் தலைமுறையின் வியாதி மாமா" என்றார்.

இருக்கலாம். ஆனால் அவர் பாரீஸில் வீடு வாங்க இருபத்தைந்து வருஷக் கடன் எடுத்திருக்கிறார். வியாதி தொற்றுவியாதி போலிருக்கிறது.

சினிமாவும் விளையாட்டும் ஒன்றில்லை என்பதுதான் என் பதில். சினிமாவில் நாம் எதையும் வைத்துவிட்டு வருவதில்லை. பார்த்தோம், எழுந்து வந்தோம். விளையாட்டில் அந்தப் பிள்ளை ஒன்றரை மாத உழைப்பை வைத்திருக்கிறான். குத்தகை நிலத்தில் மரம் வைத்தவனுக்குக்கூட வெளியேற்றும்போது மரத்துக்கு ஒரு கணக்குப் பார்ப்பார்கள். சந்தா தொடர்ந்தால் கட்டியது போகாது என்பது, விளையாட்டு பட்டியலில் இருக்கும் வரைக்கும்தான். பட்டியல் யார் கையில் இருக்கிறது?

முத்தியால்பேட்டை வீடு போனதில் எனக்கு வருத்தம் உண்டு, குறை கிடையாது. நாங்கள் நான்கு பேரும் சுயநினைவோடு, சாட்சி வைத்து, கையெழுத்துப் போட்டு விற்றோம். அந்த வீடு இரண்டாவது தடவை போனபோது எங்களிடம் யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை.

சந்தாவை ஒழிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மூன்றே மூன்று கோரிக்கை. ஒன்று, வாடகை என்றால் பொத்தானில் வாடகை என்று எழுதுங்கள். இரண்டு, ஒரு விளையாட்டை எடுப்பதானால் மூன்று மாத நோட்டீஸ் கொடுங்கள், அதுவும் அந்த விளையாட்டைத் திறக்கும் வாசலிலேயே. ஆடுகிறவன் கட்டியதைக் கையோடு எடுத்துக்கொண்டு போக வழியும் செய்யுங்கள். மூன்று, கடையை மூடுவதானால் ஒரு பிரதியை நூலகத்தில் வைத்துவிட்டு மூடுங்கள். முதலாம் பிரான்சுவா ஐந்நூறு வருஷத்துக்கு முன் அச்சுக்காரரிடம் கேட்டதைத்தான் கேட்கிறேன்.

பேரப்பிள்ளை வைத்திருக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளைகள் கார்டு நம்பர் கேட்டால் கொடுங்கள், கஞ்சத்தனம் வேண்டாம். கொடுக்கும் முன் அந்த நிபந்தனையை அவர்களோடு உட்கார்ந்து படியுங்கள். பத்து நாளில் ஆடி முடிக்கிற விளையாட்டுக்குச் சந்தா போதும், லாபம்தான். மாதக்கணக்கில் உட்கார்ந்து கட்டுகிற விளையாட்டு என்றால், டிஸ்க்கோ, இணையம் இல்லாமலும் ஓடும் பிரதியோ கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பேரன் இங்கே வருகிறான். தெருவை மறுபடி கட்டலாம் என்கிறான். முதலில் ஒரு கோடு போட்ட நோட்டில் வரைந்து வைத்துக்கொள்வோம் என்று சொல்லியிருக்கிறேன். நோட்டு வாங்கிவிட்டேன். கடைக்காரர் பில்லும் கொடுத்தார்.

மாப்பிள்ளை இதைப் படிப்பார் என்று தெரியும். மீதியை வரும் ஞாயிற்றுக்கிழமை பேசிக்கொள்வோம். மாத்திரை போட்டுக்கொண்டே வருகிறேன்.